பெல்லட் அடுப்பு: சுத்தமும் பாதுகாப்பும்

சந்தேகங்களும் விளக்கங்களும்

பழைய வீடு ஒன்றை வாங்கிக் குடிபுகுந்த பிறகுதான், கூடத்து மூலையில் நிற்கும் இரும்புப் பெட்டி என்னவென்று சிலர் விசாரிக்கிறார்கள். விற்றவர் கையேட்டைத் தந்திருக்க மாட்டார். கடைசியாக எப்போது சுத்தம் செய்தார் என்பதும் தெரியாது. முதல் குளிர் வந்ததும் மூட்டையைப் பிரித்துக் கொட்டிப் பற்றவைத்துவிடுகிறார்கள். கனடா, அமெரிக்கா, பிரான்ஸ், சுவிட்சர்லாந்து, இத்தாலி ஆகிய நாடுகளில் பெல்லட் அடுப்பு பழக்கமான வீட்டுச் சாதனம். அங்கெல்லாம் குடியேறிய தமிழர்களுக்கு அது புதிது. ஊரில் விறகடுப்பும் எரிவாயு அடுப்பும் பார்த்து வளர்ந்த அனுபவம் இங்கே பாதிக்குத்தான் உதவும். அடிக்கடி எழும் சந்தேகங்களுக்கு இங்கே விளக்கம் தருகிறோம். உங்கள் அடுப்பின் மாதிரிக்கு உரிய கையேடு வேறு மாதிரிச் சொன்னால், கையேட்டையே பின்பற்றுங்கள். பெரும்பாலான தயாரிப்பாளர்கள் பழைய கையேடுகளையும் இணையத்தில் வைத்திருக்கிறார்கள். மாதிரி எண் அடுப்பின் பின்புறத் தகட்டிலோ தொட்டி மூடியின் உட்புறத்திலோ இருக்கும்.

பெல்லட் அடுப்பு விறகடுப்பைவிடச் சுத்தமாக எரியும் என்கிறார்கள். பிறகு ஏன் இத்தனை பராமரிப்பு?

புகை குறைவு என்பது உண்மைதான். ஆனால் அந்த நல்ல எரிப்பைக் காற்றின் அளவுதான் தீர்மானிக்கிறது.

மரத்தூளை உயர் அழுத்தத்தில் அச்சுக்குள் தள்ளும்போது சூடு உண்டாகிறது. அந்தச் சூட்டில் மரத்திலுள்ள லிக்னின் இளகி, ஆறும்போது தூளைப் பிடித்துக்கொள்கிறது. அப்படி உருவாகும், கோழித் தீவனக் குச்சி போன்ற சுமார் 6 மில்லிமீட்டர் விட்டமுள்ள துண்டுதான் பெல்லட். தொட்டியில் கொட்டிய பெல்லட்டை, மோட்டாரில் சுழலும் திருகுத்தண்டு கொஞ்சம் கொஞ்சமாக எரிகிண்ணத்தில் போடுகிறது. கிண்ணத்தின் அடியிலும் பக்கங்களிலும் சிறு துளைகள் உண்டு. ஒரு விசிறி புகையை வெளியே இழுக்கிறது. அந்த இழுப்பில்தான் புதுக்காற்று துளைகள் வழியே நெருப்புக்கு வந்து சேர்கிறது. இன்னொரு விசிறி, சூடேறிய குழாய்களைச் சுற்றி அறைக்காற்றை ஓட்டுகிறது. இந்த இரண்டு காற்றும் ஒன்றோடொன்று கலக்கக் கூடாது.

விறகடுப்பில் அடியில் சாம்பல் கிடந்தாலும் மேலே நெருப்பு எரியும். இங்கே அப்படியில்லை. கிண்ணத்தின் துளை அடைத்தாலும், புகைக்குழாயில் சாம்பல் சேர்ந்தாலும், கதவு இடுக்கில் காற்று கசிந்தாலும் எரிப்பு கெட்டுவிடும். அரைகுறையாக எரிந்த பெல்லட் கரியையும் கார்பன் மோனாக்சைடையும் தரும். இந்த அடுப்பின் கோளாறுகளில் பெரும்பாலானவற்றைத் தேடிப் போனால், காற்று போகும் வழியில் எங்கோ ஓர் அடைப்பில் போய் நிற்போம்.

எதை, எத்தனை நாளுக்கு ஒரு முறை சுத்தம் செய்ய வேண்டும்?

தொடர்ந்து எரிக்கும் குளிர்காலத்தில் எரிகிண்ணத்தை நாள்தோறும் பாருங்கள். அடுப்பு ஆறியபின் கிண்ணத்தைச் சுரண்டி, துளைகள் எல்லாவற்றிலும் வெளிச்சம் தெரிகிறதா என்று உயர்த்திப் பாருங்கள். கழற்ற முடியாத கிண்ணம் என்றால் மெல்லிய கம்பியால் துளைகளைக் குத்தி விடலாம். கிண்ணத்தைத் திரும்ப வைக்கும்போது அது தன் இடத்தில் சரியாக அமர்ந்திருக்க வேண்டும். சற்றே தூக்கிக்கொண்டு நின்றால் காற்று துளை வழியே போகாமல் இடுக்கு வழியே ஓடிவிடும். பற்றவைக்கும் ஹீட்டருக்கு நேரே உள்ள துளையும் விலகிப்போகும்.

வாரத்துக்கு ஒரு முறை சாம்பல் தட்டு, கண்ணாடி, எரியறைச் சுவர்கள், வெப்பக் குழாய்கள் ஆகியவற்றைக் கவனியுங்கள். பல மாதிரிகளில் குழாய்களைச் சுரண்டுவதற்கென்றே வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு கம்பி இருக்கும். அடுப்பு ஆறியிருக்கும்போது அதைச் சில தடவை இழுத்துத் தள்ளினால் குழாயில் படிந்த சாம்பல் உதிரும். இதைச் செய்யாமல் விட்டால் சூடு அறைக்கு வராமல் புகையோடு வெளியே போகும். பெல்லட் மட்டும் அதே அளவுக்குச் செலவாகும்.

ஏறத்தாழ ஒரு டன் பெல்லட் எரித்து முடித்ததும் ஆழமான சுத்தம் வேண்டும். வட அமெரிக்காவின் 40 பவுண்டு மூட்டையில், அங்குள்ள டன் கணக்குப்படி, அது 50 மூட்டை. ஐரோப்பாவின் 15 கிலோ மூட்டையில் 66, 67 மூட்டை. எரியறையின் பின்தகடுகளுக்கு அப்பால் உள்ள சாம்பல் அறைகள், புகை விசிறியின் இறக்கைகள், புகைக்குழாயின் அடியில் உள்ள சுத்தம் செய்யும் மூடி ஆகியவை அதில் அடங்கும். பின்தகட்டுக்குப் பின்னால் சாம்பல் ஒளிந்திருக்கும் இடங்களைத்தான் பெரும்பாலோர் தவறவிடுகிறார்கள். முன்பக்கம் பளிச்சென்று இருக்க, அடுப்பு மூச்சுமுட்டுவது இதனால்தான். புகை விசிறியைக் கழற்றினால் அதன் கேஸ்கெட்டைப் புதிதாக மாற்றிப் பூட்டுங்கள். அந்த விசிறிக்கு அப்பால் உள்ள குழாயில் புகை வெளித்தள்ளும் அழுத்தத்தில் ஓடுகிறது. இணைப்பில் இடுக்கு இருந்தால் புகை வீட்டுக்குள்தான் வரும்.

அடுப்பை அணைத்த ஒரு மணி நேரத்தில் சாம்பலை வாக்யூம் கிளீனரால் உறிஞ்சலாமா?

கூடாது. இந்தத் தவறு வீட்டையே எரித்துவிடக்கூடியது.

மேலே சாம்பல் நிறம், உள்ளே கங்கு. நீறுபூத்த நெருப்பு என்று நம் முன்னோர் சொன்னது எச்சரிக்கைதான். சாம்பல் நல்ல வெப்பக் காப்பு. அதற்குள் புதைந்த தணல் மணிக்கணக்கில், சில வேளைகளில் நாட்கணக்கில்கூட அணையாமல் இருக்கும். வாக்யூம் கிளீனர் அதை உறிஞ்சும்போது காற்றையும் சேர்த்துக் கொடுக்கிறது. உள்ளே காகிதப் பையும் வீட்டுத் தூசியும் இருக்கின்றன. பற்றுவதற்கு வேறென்ன வேண்டும்? சுத்தம் செய்து முடித்துக் கருவியை அலமாரியில் வைத்துப் பூட்டிய பிறகு, ஆள் தூங்கும் நேரத்தில் தீ கிளம்பும்.

தீ பற்றாவிட்டாலும் வேறு தொல்லை உண்டு. பெல்லட் சாம்பல் மிக நுண்மையானது. சாதாரண வடிகட்டியில் நிற்காமல் பின்பக்கமாக வெளியேறி அறை முழுதும் படியும், மூச்சிலும் போகும். சாம்பலுக்கென்றே உலோகத் தொட்டியும் தகுந்த வடிகட்டியும் உள்ள வாக்யூம் விற்கிறார்கள். அதையும் சாம்பல் முழுதும் ஆறிய பிறகே பயன்படுத்த வேண்டும். ஆழமான சுத்தம் செய்யும்போது என்95 முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள்.

அணைக்கும் பொத்தானை அழுத்திய பிறகும் விசிறிகள் சிறிது நேரம் ஓடும். அவை தாமாக நிற்கும்வரை காத்திருங்கள். பிறகு பல மணி நேரம் விட்டு, பிளக்கைப் பிடுங்கி, அதன் பின்னரே கை வையுங்கள். இரவில் அணைத்துக் காலையில் சுத்தம் செய்வதைப் பழக்கமாக்கிக்கொள்வது நல்லது.

எடுத்த சாம்பலை இறுக்கமான மூடியுள்ள உலோக வாளியில் போட்டு மூடுங்கள். பிளாஸ்டிக் வாளி, அட்டைப் பெட்டி, காகிதப் பை எதுவும் ஆகாது. வாளியை மரத்தளத்திலோ கராஜிலோ வீட்டுச் சுவரோரத்திலோ வைக்காதீர்கள். குறைந்தது 10 அடி தள்ளி, சிமெண்டுத் தரையில் அல்லது மண்ணில் வையுங்கள். சில நாட்கள் அப்படியே விட்டு, கிளறிப் பார்த்து, முழுதும் ஆறியது உறுதியானதும் குப்பையில் சேருங்கள்.

கண்ணாடி இரண்டே நாளில் கறுத்துவிடுகிறது. அடுப்பில் குறையா?

வெளிர் சாம்பல் நிறப் படிவு இயல்பானது. துணியால் துடைத்தால் போகும். கன்னங்கரேலென்று கரி பிடித்தால் நெருப்புக்குக் காற்றுப் போதவில்லை. நெருப்பையும் பாருங்கள். சுறுசுறுப்பாக, பிரகாசமான மஞ்சளில் எரிந்தால் நல்லது. நீண்டு சோம்பலாக ஆடும் செம்மஞ்சள் சுடர், நுனியில் கரும்புகை என்றால் அடுப்பு சுத்தம் கேட்கிறது.

எல்லாம் சுத்தமாக இருந்தும் கறுத்தால், கதவைச் சுற்றியுள்ள கயிறு போன்ற கேஸ்கெட்டைச் சந்தேகியுங்கள். ஆறிய அடுப்பின் கதவிடுக்கில் ஒரு காகிதத்தை வைத்து மூடி, இழுத்துப் பாருங்கள். எளிதாக வழுக்கி வந்தால் அந்த இடத்தில் கேஸ்கெட் தளர்ந்திருக்கிறது. நான்கு பக்கமும் இப்படிப் பார்க்க வேண்டும்.

கண்ணாடியைத் துடைக்க ஈரத் துணியில் நுண்ணிய சாம்பலைத் தொட்டுத் தேய்த்தாலே போதும். சூடாக இருக்கும்போது தண்ணீர் படக் கூடாது. கம்பிநார், பிளேடு வேண்டாம். கீறல் விழுந்த இடம் பலவீனமாகும்.

கிண்ணத்தில் கெட்டியான கட்டிகள் உருவாகின்றன. மலிவான பெல்லட் வாங்கியதாலா?

பெரும்பாலும் ஆம். மரப்பட்டை, மண், மணல் கலந்த தூளில் சிலிக்கா அதிகம். அதிக வெப்பத்தில் சாம்பல் உருகி, ஆறும்போது கெட்டிப்படுகிறது. கிளிங்கர் எனப்படும் இந்தக் கட்டி துளைகளை அடைக்கும். துளை அடைத்ததும் எரிப்பு மேலும் கெட்டு, இன்னும் அதிகம் கட்டி சேரும்.

மூட்டையின் மேல் உள்ள தரக்குறியைப் படியுங்கள். ஐரோப்பாவில் ஈஎன்பிளஸ் ஏ1 தரத்தில் சாம்பல் 0.7 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. அதாவது ஒரு டன் எரித்தால் அதிகபட்சம் 7 கிலோ சாம்பல். வட அமெரிக்காவில் பெல்லட் ஃபியூயல்ஸ் இன்ஸ்டிடியூட் வகுத்த பிரீமியம் தரத்துக்கு வரம்பு 1 சதவீதம். ஸ்டாண்டர்டு தரத்துக்கு 2 சதவீதம். ஒரு டன்னுக்கு 20 கிலோவரை சாம்பல் என்றால் சுத்தம் செய்யும் வேலையும் அந்த அளவுக்குக் கூடும். உக்ரைன் போர் தொடங்கிய பிறகு 2022-ல் ஐரோப்பாவில் பெல்லட் விலை தாறுமாறாக ஏறியபோது, குறியில்லாத மூட்டைகளைப் பலர் வாங்கினார்கள். மூட்டையில் மிச்சப்படும் பணம் பழுதுபார்ப்பில் போய்விடும். குறியில்லாததை வாங்காமல் இருப்பதே நல்லது என்பது எங்கள் கருத்து.

பழைய பலகைத் துண்டு, பிளைவுட், பழக்கொட்டை என்று வேறெதையும் போடாதீர்கள். சோளம் எரிக்கலாம் என்று கையேட்டிலேயே எழுதியிருந்தால் மட்டும் எரிக்கலாம்.

பொத்தானை அழுத்தினேன். தீப்பிடிக்கவில்லை. பெட்டி முழுதும் வெண்புகை நிறைந்திருக்கிறது. என்ன செய்வது?

கதவைத் திறக்காதீர்கள். மின்சாரத்தையும் நிறுத்தாதீர்கள்.

அந்த வெண்புகை எரியக்கூடிய வாயு. சூடேறிய பெல்லட்டிலிருந்து கிளம்பி, சுடர் இல்லாததால் எரியாமல் பெட்டிக்குள் நிற்கிறது. கதவைத் திறந்து காற்றைக் கொடுத்தால், அடியில் உள்ள ஒரு தணல் போதும். மொத்தமும் ஒரே வீச்சில் பற்றி முகத்தில் அடிக்கும். கண்ணாடி உடைந்து தெறித்ததும் உண்டு. மின்சாரத்தை நிறுத்தினால் புகை விசிறியும் நின்று, வாயு உள்ளேயே தேங்கும். அணைக்கும் பொத்தானை அழுத்தி, விசிறி புகையை வெளியே இழுக்கட்டும். நீங்களும் குழந்தைகளும் கண்ணாடிக்கு எதிரே நிற்காமல் தள்ளி நில்லுங்கள். புகை முழுதும் வெளியேறி அடுப்பு நன்றாக ஆறிய பிறகு கிண்ணத்தைக் காலி செய்யுங்கள்.

காலி செய்யும்போது பலர் செய்யும் தவறு ஒன்று உண்டு. கிண்ணத்தில் எரியாமல் கிடக்கும் பெல்லட்டை வீணாக்க மனம் வராமல் திரும்பத் தொட்டியில் கொட்டுகிறார்கள். அதில் ஒரே ஒரு துண்டு உள்ளே கனன்றுகொண்டிருந்தாலும் தொட்டியில் உள்ள அத்தனை பெல்லட்டும் தீப்பிடிக்கும். அந்தக் கைப்பிடி பெல்லட் சாம்பல் வாளிக்குத்தான் போக வேண்டும்.

கிண்ணம் நிறைந்த நிலையில் மீண்டும் பொத்தானை அழுத்துவதும் தவறு. அடுத்தடுத்து இரண்டு முறை பற்றவில்லை என்றால் ஹீட்டர் பழுதாகியிருக்கலாம், அல்லது அதன் துளை அடைத்திருக்கலாம். பெட்ரோல், மண்ணெண்ணெய், மதுசாரம் எதையும் ஊற்றிப் பற்றவைக்க முயலாதீர்கள். கையால் பற்றவைக்க அனுமதிக்கும் மாதிரிகளுக்கென்று ஜெல் உண்டு. அதுவும் ஆறிய கிண்ணத்தில் மட்டும்.

அடுப்பு அடிக்கடி தானாக நின்றுவிடுகிறது. ஒரு ஸ்விட்சை ஒயரால் இணைத்துவிட்டால் சரியாகும் என்கிறார் தெரிந்தவர். செய்யலாமா?

செய்யவே செய்யாதீர்கள். அவர் சொல்வது பெரும்பாலும் காற்றழுத்த ஸ்விட்ச் அல்லது அதிவெப்ப ஸ்விட்ச். முன்னது, புகை வெளியேறும் இழுப்புக் குறைந்தால் பெல்லட் விழுவதை நிறுத்துகிறது. பின்னது, அடுப்பு மிகையாகச் சூடேறினால் நிறுத்துகிறது. அடுப்பு நிற்கிறதென்றால் ஸ்விட்ச் தன் வேலையைச் செய்கிறது. புகைக்குழாயில் அடைப்பா, கதவு சரியாக மூடவில்லையா, ஸ்விட்சுக்குப் போகும் மெல்லிய ரப்பர் குழாயில் சாம்பலா என்று பாருங்கள். எல்லாம் சரியாக இருந்தும் நின்றால் தொழில்நுட்பரை அழையுங்கள்.

மின்சாரம் போனால்?

எல்லா விசிறிகளும் நின்றுவிடும். கிண்ணத்தில் இருக்கும் கொஞ்சம் பெல்லட் மட்டும் புகைந்து அணையும். கதவையும் தொட்டி மூடியையும் திறக்காதீர்கள். புகைக்குழாய் சுவரைத் துளைத்து நேரே வெளியே போகும் வீடுகளில் இந்த நேரத்தில் புகை உள்ளே கசியலாம். வெளியே சில அடி செங்குத்தாக உயர்ந்த குழாய் இருந்தால் இயல்பான இழுப்பே பெரும்பகுதிப் புகையை வெளியேற்றிவிடும். பனிப்புயலில் அடிக்கடி மின்சாரம் போகும் ஊர் என்றால், அடுப்பின் தயாரிப்பாளர் ஏற்கும் வகை யூபிஎஸ் ஒன்றைப் பொருத்துவது பயனுள்ள செலவு. வெளிக்குழாயின் வாயைப் பனி மூடியிருக்கிறதா என்பதையும் புயலுக்குப் பின் போய்ப் பாருங்கள்.

புகைக்குழாயை நானே சுத்தம் செய்யலாமா?

நேரான, எட்டக்கூடிய குழாயில் அதன் அளவுக்கு ஏற்ற பிரஷ் போட்டுச் சுத்தம் செய்வது கடினமல்ல. படுக்கையாகப் போகும் பகுதியிலும் முழங்கை வளைவுகளிலும்தான் சாம்பல் அதிகம் தேங்கும். வட அமெரிக்காவில் சிலர் இலை ஊதும் கருவியை வெளிக்குழாயின் வாயில் பொருத்திச் சாம்பலை உறிஞ்சி எடுக்கிறார்கள். அடுப்பு முழுதும் ஆறியிருக்காவிட்டால் இதுவும் தணலை ஊதிப் பற்றவைக்கும் வேலைதான். பக்கத்து வீட்டுக்காரரின் கார்மேல் சாம்பல் படிந்து சண்டையும் வரும். கையேடு அனுமதித்தால் மட்டும் செய்யுங்கள்.

நீங்களே எவ்வளவு செய்தாலும், ஆண்டுக்கு ஒரு முறை தகுதிபெற்றவர் ஒருவர் பார்க்க வேண்டும். பிரான்ஸில் புகைபோக்கியை ஆண்டுக்கு ஒரு முறையேனும் சுத்தம் செய்விப்பது சட்டக் கட்டாயம். அதற்கான சான்றிதழைப் பத்திரமாக வையுங்கள். தீ விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் முதலில் கேட்பது அதைத்தான். கனடாவில் வெட் சான்றிதழ் பெற்ற பரிசோதகரின் அறிக்கையைப் பல காப்பீட்டு நிறுவனங்கள் கேட்கின்றன. பழைய வீட்டோடு வந்த அடுப்பு என்றால், முதல் தடவை பற்றவைக்கும் முன்பே இந்தப் பரிசோதனை நடக்கட்டும்.

பெல்லட் மூட்டைகளை எங்கே அடுக்குவது?

ஈரம் படாத இடத்தில், தரையிலிருந்து சற்றே உயர்த்தி. நனைந்த பெல்லட் வீங்கிப் பொடியாகிவிடும். அதைப் போட்டால் திருகுத்தண்டு சிக்கிக்கொள்ளும். அடுப்பின்மேலோ ஒட்டியோ மூட்டையைச் சாய்க்காதீர்கள். துணி காயப்போடும் இடமாகவும் அடுப்பை ஆக்காதீர்கள்.

மூட்டையாக இல்லாமல் லாரியில் கொண்டுவந்து நிலவறையில் மொத்தமாகக் கொட்டி வைக்கும் வீடுகளுக்கு ஓர் எச்சரிக்கை. மரத்திலுள்ள கொழுப்பு அமிலங்கள் காற்றோடு வினைபுரிவதால், சேமிப்பில் கிடக்கும் பெல்லட்டே கார்பன் மோனாக்சைடை வெளியிடுகிறது. நெருப்பே தேவையில்லை. 2006 நவம்பரில், கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவிலிருந்து பெல்லட் ஏற்றிச் சென்ற சாகா ஸ்பிரே என்ற கப்பல் சுவீடனின் ஹெல்சிங்போர்க் துறைமுகத்தில் நின்றபோது, சரக்கறைப் படிக்கட்டில் இறங்கிய மாலுமி ஒருவர் இந்த வாயுவால் இறந்தார். ஜெர்மனியிலும் சுவிட்சர்லாந்திலும் கட்டடங்களின் பெல்லட் சேமிப்பறைகளில் உயிரிழப்புகள் நேர்ந்திருக்கின்றன. அத்தகைய அறைக்குக் காற்றோட்டம் இருக்க வேண்டும். முன்கூட்டியே திறந்துவிடாமல், தனியாளாக, உள்ளே இறங்கக் கூடாது. குழந்தைகள் திறக்க முடியாதபடி பூட்டி வையுங்கள்.

குளிர்காலம் முடிந்ததும் என்ன செய்ய வேண்டும்?

தொட்டியில் உள்ள பெல்லட் தீரும்வரை எரித்து, அடியில் மிஞ்சும் தூளை உறிஞ்சி எடுங்கள். பிளக்கைப் பிடுங்காமல் திருகுத்தண்டின் அருகே விரலை விடக் கூடாது. பிறகு முழுச் சுத்தம். சாம்பல் ஈரத்தை இழுத்து இரும்பை அரிக்கும்; வசந்தத்தில் சுத்தம் செய்யாமல் விட்ட அடுப்பு இலையுதிர்காலத்தில் துருவோடு நிற்கும். வெளிக்குழாயில் பறவை கூடுகட்டாமல் மூடுகிறீர்கள் என்றால், மூடியிருப்பதை ஒரு தாளில் எழுதி அடுப்பின் பொத்தான்மேலேயே ஒட்டிவிடுங்கள்.

சாம்பலைத் தோட்டத்தில் போடலாமா?

முழுதும் ஆறிய, சுத்தமான மர பெல்லட்டின் சாம்பலை மெலிதாகத் தூவலாம். பொட்டாசியமும் கால்சியமும் கிடைக்கும். புளிப்பு மண்ணை விரும்பும் புளுபெரி, அசேலியா செடிகளுக்கு ஆகாது. உருளைக்கிழங்குப் பாத்தியிலும் வேண்டாம்; சொறிநோய் கூடும்.

புகை வந்தால் மூக்குக்குத் தெரியுமே. கார்பன் மோனாக்சைடு அலாரம் அவசியமா?

புகை தெரியும். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலைவலி, குமட்டல், மயக்கம் என்று காய்ச்சலின் தொடக்கம்போலவே காட்டும். வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி வந்து, வெளியே போனதும் குறைந்தால் உடனே சந்தேகியுங்கள். 2008 டிசம்பரில் கனடாவின் ஒன்ராறியோ மாகாணம், வுட்ஸ்டாக் நகரில் ஒரு தாயும் தந்தையும் இரண்டு பிள்ளைகளும் தங்கள் வீட்டிலேயே இறந்தார்கள். எரிவாயுக் கணப்பின் புகைவழி அடைத்திருந்தது. அந்த வீட்டில் அலாரம் இல்லை. அந்த மரணங்களைத் தொடர்ந்து 2013-ல் நிறைவேறிய ஹாக்கின்ஸ் கினியாக் சட்டம், ஒன்ராறியோவில் எரிபொருள் சாதனம் உள்ள வீடுகளில் இந்த அலாரத்தைக் கட்டாயமாக்கியது. உங்கள் நாட்டில் கட்டாயம் இல்லாவிட்டாலும், படுக்கையறைகளுக்கு அருகில் ஒன்றும் அடுப்பு இருக்கும் தளத்தில் ஒன்றும் மாட்டுங்கள். சோதனைப் பொத்தானை மாதம் ஒரு முறை அழுத்துங்கள். கருவியின் ஆயுட்காலம் அதன் முதுகிலேயே அச்சிட்டிருக்கும். அது முடிந்ததும் மாற்றிவிடுங்கள்.

அலாரம் அடித்தால் காரணம் தேடிக்கொண்டு வீட்டுக்குள் நிற்காதீர்கள். எல்லோரையும் எழுப்பி வெளியே கூட்டிவந்த பிறகு, வட அமெரிக்காவில் 911-ஐயும் ஐரோப்பாவில் 112-ஐயும் அழையுங்கள். தீயணைப்புத் துறையினர் அளந்து பார்த்து அனுமதிக்கும்வரை யாரும் உள்ளே போக வேண்டாம்.